வலது கை மேலே

எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில், வீட்டில் பிள்ளைகளுக்கு ஜெபம், வேதம் என்று ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கும் ஒருவரைப் பற்றிப் பங்குக் கோயில் மலருக்கு எழுதித் தரும்படி ஃபாதர் கேட்டார். நான் என் தம்பி பெண்டாட்டி புவனாவைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். வீட்டில் வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "உனக்கும் அவளுக்கும்தான் ஏழாம் பொருத்தமாச்சே, நீ என்னத்த எழுதுவ?" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். பிடித்தவர்கள் ஒருத்தியை மேலோட்டமாகத்தான் பார்ப்பார்கள். பொறாமைப்படுகிறவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

என் பெயர் அமலோற்பவம். கொடைக்கானலில் ஏரிக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் லாண்டரி சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு இருநூறு படுக்கை விரிப்பு என் கையைக் கடந்து போகும். விரித்த மாத்திரத்தில் கறை எங்கே என்று கண் தானாகப் போய் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பெருமாள்மலையில் எங்கள் கோயிலில் ஞானோபதேச டீச்சர். பதினாலு வருஷமாக டீச்சர். இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

புவனாவின் ஊர் பழனி. அவள் அப்பா செல்வமுருகன் அடிவாரத்தில் ஒரு கடையில் பஞ்சாமிர்தம் பிசைகிற வேலை பார்ப்பவர். என் தம்பி சவரிராஜ் மினி லாரியில் மலை வாழைப்பழம் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்கு வாரம் இரண்டு தடவை போவான். கடைக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண்ணைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு வீட்டிலும் பெரிய சண்டை. எங்கள் வீட்டில் அதிகம் கத்தியது நான்தான். "குறுக்குச் சிலுவை போடத் தெரியாதவ நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டேன். அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வருஷம் கழித்து அவளாகவே கான்வென்ட்டுக்குப் போய், எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுங்கள் என்று சிஸ்டரிடம் கேட்டாள். ஆறு மாதம் போனாள். ஞானஸ்நானம் வாங்கினாள். அன்றைக்கு எல்லோரும் கண் கலங்கினார்கள். நான் அவள் சேலையில் மஞ்சள் கறை இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு ஒரே மகள், ஸ்வேதா. எனக்கும் ஒரே மகள், ரெனிதா. ரெனி என்று கூப்பிடுவோம். இரண்டு பேருக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம். ஸ்வேதா நெடுநெடுவென்று அப்பனைப் போல வளர்ந்துவிட்டாள். ரெனி வகுப்பிலேயே குள்ளம். என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டில் மெக்கானிக், வாரத்துக்கு ஒரு நாள் வருவார். நான் வீடு திரும்ப ஆறரை ஆகும், சீசன் நேரத்தில் ஏழரை. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் ரெனி புவனா வீட்டில்தான் இருப்பாள். பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவு குளிர்காலத்தில்தான், மே மாதமும் வகுப்பு உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி. கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது நான்தான். அதை மறந்துவிட்டுத்தான் பிறகு பொறாமைப்பட்டேன்.

புவனாவுக்கு வீட்டிலேயே வேலை. மன்னவனூர்ப் பக்கமிருந்து என் தம்பி மலைப்பூண்டு மூட்டை கொண்டுவந்து போடுவான். அவள் உட்கார்ந்து தாளை நறுக்கி, வேரை வெட்டி, மண் பிடித்த மேல்தோலை உரித்துச் சுத்தம் செய்து கடைக்குக் கொடுப்பாள். பிள்ளைகளும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்ளும்.

போன ஏப்ரலில் ஒரு நாள் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. புவனா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே என் மகள் குரல் கேட்டது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். தடுமாற்றமில்லாமல், இழுக்காமல், கேட்கிறவர் எதிரில் இருப்பதைப் போலச் சொன்னாள். என் வீட்டில் அவளை முழங்காலில் நிறுத்தினால் மூன்றாவது மணியிலேயே "தூக்கம் வருதும்மா" என்பாள்.

எட்டிப் பார்த்தேன். தரையில் பூண்டு வரிசை. பத்துச் சின்னப் பூண்டு, பிறகு தனியாக ஒரு பெரிய பூண்டு, மறுபடி பத்து. ஒரு பூண்டை எடுத்துச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் 'அருள் நிறைந்த மரியே' என்கிற மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று முடிந்துவிடும். பெரிய பூண்டு வந்தால் பரலோக மந்திரம். சுத்தமான பூண்டு கூடைக்குப் போகும், அடுத்தவள் முறை வரும். ஐம்பத்துமூன்று மணி முடியும்போது கூடை பாதி நிறைந்திருக்கும். எந்தப் பாட்டனும் பூட்டனும் சொல்லித் தராத ஏற்பாடு. அவளாகவே கண்டுபிடித்தது.

பூண்டு நாற்றத்தோடு என்ன ஜெபம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வயிறு எரிந்தது. ரெனி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு இன்னும் நான்கு பூண்டு பாக்கி இருந்தது.

அன்றைக்கு வீட்டில் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். "கடவுள் எங்கே இருக்கிறார்?"

"எங்கும் இருக்கிறார்" என்று புத்தகத்தில் உள்ளபடி சொன்னாள். சொல்லிவிட்டு என்னைக் கேட்டாள். "மழையில நனைஞ்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல ஒரு நாய் நிக்குதுல்லம்மா, அதுக்குப் பக்கத்துலயும் நிக்கிறாரா?"

"என்ன கேள்வி இது?"

"அத்தை கேட்டாங்க. ஸ்வேதா நிக்கிறாருன்னா. நான், நின்னா குடை பிடிச்சிருப்பாரேன்னேன். அத்தை, அப்ப நாளைக்கு நீ போய்ப் பிடின்னு சொன்னாங்க."

மறுநாள் பிடித்திருக்கிறாள். என் புதுக் குடையில் நாய் மயிர் ஒட்டியிருந்தது. அதற்கு இரண்டு அடி கொடுத்தேன். குடைக்காக அடித்ததாகத்தான் அவளிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்த 'அத்தை' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தை சொன்னாங்க, அத்தை சிரிச்சாங்க, அத்தை எங்ககிட்ட மன்னிப்பு கேட்டாங்க. ஆமாம், மன்னிப்பு. ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயார் செய்கிறேன் என்று புவனா தினமும் சாயங்காலம் அவளே முதலில் ஆரம்பிப்பாளாம். "காலையில காரணமில்லாம உங்க ரெண்டு பேரையும் கத்திட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று பிள்ளைகளிடம் சொல்வாளாம். பிறகு பிள்ளைகள் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள். "செஞ்சத மட்டும் சொல்லு. ஏன் செஞ்சன்னு சாக்கு சொல்லாத." இதை ரெனி என்னிடம் சொன்னபோது, பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் மன்னிப்பு கேட்டால் பிள்ளைகள் தலைமேல் ஏறிவிடும் என்றேன். பதினாலு வருஷத்தில் எந்தப் பிள்ளையிடமும் நான் மன்னிப்பு கேட்டதில்லை.

ஒரு கறையாவது கிடைக்காதா என்று தேடினேன். பழனிக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தால் பஞ்சாமிர்தம் கொண்டுவருவாள். அதைப் போய்ச் சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர், "எனக்கும் ஒரு டப்பா கொண்டுவரச் சொல்லுங்க டீச்சர்" என்றார்.

மே மாதம் புதுநன்மை, பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். இருபத்திரண்டு பிள்ளைகள். முந்தின நாள் சனிக்கிழமை மதியம் கோயிலில் பிராக்டிஸ். சிஸ்டருக்கு வேறு சோலி இருந்ததால் நான்தான் நடத்தினேன். ஹோட்டலில் சீசன் கூட்டம், இருந்தும் அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்தேன். பிள்ளைகளை உயரப்படி வரிசையில் நிறுத்தினேன். குள்ளமான ரெனி முதலில். கடைசியில் ஸ்வேதா. பின்பக்கப் பெஞ்சில் புவனா மட்டும் வந்து உட்கார்ந்திருந்தாள். வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பங்கில் கொரோனாவுக்குப் பிறகு பிள்ளைகள் கையில்தான் நன்மை வாங்குகிறார்கள். இடது கை மேலே இருக்க வேண்டும், வலது கை அடியில். இடது உள்ளங்கையில் ஃபாதர் வைப்பார், வலது கையால் எடுத்து வாயில் போட வேண்டும். புவனாவைப் போன்ற சிலர் மட்டும் இன்னும் நாவில் வாங்குவார்கள். "கைய நீட்டுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையில் நடந்தேன். முதலில் நின்ற ரெனியை நான் பார்க்கவில்லை. டீச்சர் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? அவளைத் தாண்டி இரண்டாவது பிள்ளையிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று பேர் மாற்றி வைத்திருந்தார்கள். பேசாமல் அவர்கள் கையைப் பிடித்துச் சரிசெய்தேன்.

கடைசியில் ஸ்வேதா. அவளும் வலது கையை மேலே வைத்திருந்தாள். அழகாக, குழித்து, பழனியில் திருநீறோ பஞ்சாமிர்தமோ வாங்குகிறவர்கள் நீட்டுவதைப் போல. எங்கிருந்து வந்த கை என்று பார்த்த உடனே புரிந்துவிட்டது.

நான் நின்றேன். ஒரு விநாடிதான். கையைப் பிடித்து மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. நாளைக்கு ஊரே பார்க்க ஃபாதர் மாற்றட்டும், யார் வீட்டில் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. "சரி, போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் கோயில் நிறையக் கூட்டம். வெள்ளை கவுன், பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. ரெனிக்கு நானே இஸ்திரி போட்ட கவுன், ஒரு சுருக்கம் கிடையாது. நன்மை நேரம் வந்தது. நான் பாதையோரம் நின்றுகொண்டு, வரிசையின் கடைசியில் இருந்த ஸ்வேதாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் வரிசை நகரவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஃபாதர் நற்கருணையைக் கையில் பிடித்தபடி குனிந்து நின்றார். அவருக்கு முன்னால் என் மகள். வலது கை மேலே.

"கைய மாத்து பாப்பா" என்றார் ஃபாதர். அங்கியில் குத்தியிருந்த மைக்கில் அது கோயில் முழுக்கக் கேட்டது.

ரெனி மாற்றவில்லை. "இடது கையில சாமிய வாங்கக் கூடாது ஃபாதர். எங்க அத்தை சொல்லியிருக்காங்க" என்றாள். அதுவும் கோயில் முழுக்கக் கேட்டது.

ஜனங்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளைகள் பேச்சுக்குச் சிரிக்கிற சிரிப்புதான். ஆனால் ரெனியின் காது சிவந்து போனது. ஃபாதரும் சிரித்து, "சரி, வாயத் திற" என்று நாவில் கொடுத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டே இடத்துக்குத் திரும்பினாள். நான் தேடிய கறை என் வீட்டுத் துணியிலேயே விழுந்துவிட்டது.

ஸ்வேதா முன்னால் வருவதற்குள் பத்து நிமிஷம் ஆனது. அதற்குள் அவளுக்கும் விஷயம் புரிந்து, பயந்து போய்ப் பின்னால் திரும்பி அம்மாவைத் தேடினாள். புவனா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் இரண்டு கையையும் தூக்கி, இடது கையை மேலே வைத்துக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். அவள் கையை இறக்கவில்லை. ஸ்வேதா மாற்றிக்கொண்டு, சரியாக வாங்கினாள்.

பூசை முடிந்து கோயிலுக்குப் பின்னால் கேசரியும் டீயும் கொடுத்தார்கள். அன்பியத் தலைவி மரியபுஷ்பம் என் பக்கத்தில் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பிள்ளைய அங்க விட்டா இப்படித்தான் ஆகும் டீச்சர். பழனிக்காரிக்கு என்ன தெரியும்?" என்றாள். நான் இதைக் கேட்கத்தானே ஆசைப்பட்டேன்? கேசரித் தட்டை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டேன்.

புவனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுதிருந்தாள்.

"மதினி, என்னாலதான் ரெனிக்கு இப்படி ஆயிருச்சு. மன்னிச்சுக்கங்க. சோத்துக் கை இருக்கையில இடது கையில சாமிய எப்படி வாங்குறதுன்னு நானா நெனச்சு அப்படிச் சொல்லிக் குடுத்துட்டேன். ஆனா மனசுக்குள்ள ஒரு சந்தேகம் கெடந்துச்சுங்க. அதான் நேத்து பூண்டெல்லாம் அப்படியே போட்டுட்டு பிராக்டிஸுக்கு வந்து உக்காந்தேன். நீங்க ஒவ்வொரு பிள்ளை கையா பாத்து மாத்துனீங்க, எப்படி மாத்துனீங்கன்னு பின்னாலருந்து சரியாத் தெரியல. ஸ்வேதா கையப் பாத்துட்டு மாத்தாம விட்டீங்க. அப்பாடா, நம்ம சொல்லிக் குடுத்தது சரிதான்னு நிம்மதியா வீட்டுக்குப் போனேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் வேவு பார்க்க வரவில்லை. என்னை நம்பி வந்திருக்கிறாள்.

கூட்டம், சத்தம், நான் பாதியைத்தான் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். ரெனி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சாக்கு சொல்லாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் எதிரில் நின்றாள்.

"பாத்தேன் புவனா. தப்புன்னு தெரிஞ்சுது. வேணும்னேதான் சொல்லல" என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "இன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஸ்வேதா அசிங்கப்படணும்னா?"

"ஆமா."

மரியபுஷ்பம் டீ டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். புவனா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அது உங்க தம்பி பிள்ளைங்க, மதினி" என்றாள். ஸ்வேதாவைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ரெனி என் சேலையை விட்டாள்.

மறுநாள் திங்கட்கிழமை ஹோட்டலில் எனக்கு வேலை ஓடவில்லை. இனி ரெனியை அவள் கூப்பிட மாட்டாள், பிள்ளை பூட்டின வீட்டு வாசலில் மழையில் நிற்கும் என்ற நினைப்பு. ஐந்து மணிக்கே கிளம்பினேன். சீசன் டிராஃபிக்கில் பஸ் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். மேகம் இறங்கி ரோடே தெரியவில்லை. கார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். என்னால் எவ்வளவு வெரசா நடக்க முடியுமோ அவ்வளவு வெரசா நடந்தேன்.

என் வீட்டு வாசலில் யாரும் இல்லை. பூட்டு அப்படியே தொங்கியது. நான்கு வீடு தள்ளி லைட் எரிந்தது.

புவனா வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மூன்று பேரும் பூண்டுக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரெனி பள்ளிக்கூட ஸ்வெட்டரோடு, வழக்கமான இடத்தில். நான் வாசலிலேயே நின்றேன். புவனா நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"நான் இன்னும் ஆறல மதினி. அதுக்குப் பிள்ளை என்ன பண்ணும்?" என்றாள். பிறகு காலால் ஒரு முறத்தை என் பக்கமாகத் தள்ளினாள். "உக்காருங்க. இன்னும் அரை மூட்டை கெடக்கு."

உட்கார்ந்தேன். பிள்ளைகள் நகர்ந்து இடம் விட்டன. ரெனி பத்துப் பூண்டை எண்ணி என் முன்னால் வரிசையாக வைத்தாள். வரிசையின் தலைப்பக்கம் ஒரு பெரிய பூண்டு வைத்தாள். டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கிற தோரணையில், "ஒண்ண உரிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒண்ணு சொல்லணும்மா. அவசரப்படக் கூடாது" என்றாள்.

ஜெபத்தைத் தொடங்கியது புவனாதான். இப்போதும் தினமும் அவள்தான் தொடங்குகிறாள். பிள்ளைகள் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சாயங்காலம் என் முறை வரும்போது, "இன்னைக்கும் பொறாமைப்பட்டேன்" என்று மட்டும் சொல்கிறேன். யார்மீது என்று யாரும் கேட்பதில்லை. புவனா அடுத்த பூண்டை எடுக்கிறாள்.

அன்றைக்கு என் பத்துப் பூண்டையும் முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. கத்தி வழுக்கியது, தோல் நகத்துக்குள் போனது. ரெனி பொறுமையாகக் காத்திருந்தாள். பதினாலு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஜெபமாலை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து நான் பத்து மணியை முழுசாகச் சொல்லி முடித்தது அன்றைக்குத்தான், அதுவும் அடுத்தவள் வீட்டில்.